கோழிக்குஞ்சுகளின் நோயும் நம் கடமையும்

"கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?" என்பது பழமொழி. தாய் மிதித்துச் சாவதில்லை. நம் கவனக்குறைவால் சாகும் குஞ்சுகளோ ஏராளம். பன்னிரண்டு பொரித்தால் நாலைந்து தேறினால் போதும் என்று நம் வீடுகளில் சொல்லிப் பழகிவிட்டோம். முட்டை விற்ற காசில்தான் நம்மில் பலருக்கு நோட்டுப் புத்தகம் வருகிறது. ஆகவே இது சிறு காரியம் அன்று.

நோயின் அறிகுறிகள்:

நலமான குஞ்சு ஓடியாடி மண்ணைக் கிளறும். நோயுற்ற குஞ்சு சிறகைத் தொங்கவிட்டு, உடலைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஒதுங்கி நிற்கும். காலையில் பஞ்சாரத்தைத் திறந்ததும் எல்லாம் ஓடிவர, ஒன்று மட்டும் பின்தங்கினால் அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, கதகதப்பான இடத்தில் சுத்தமான தண்ணீருடன் வைக்க வேண்டும்.

குளிர்:

இளங்குஞ்சால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. முதல் வாரத்தில் சுமார் 95 டிகிரி பாரன்ஹீட் வெப்பம் தேவை. பின் வாரந்தோறும் 5 டிகிரி குறைக்கலாம். தாயுடன் இருப்பவற்றுக்குத் தாயின் சிறகே போதும். தாயில்லாதவற்றுக்கு மின்விளக்குச் சூடு வேண்டும். குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கினால் குளிர் என்றும், ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு மிகுதி என்றும் அறியலாம். பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் பிய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து மெல்லத் துடைத்து, ஈரம் போக உலர்த்த வேண்டும்.

இரத்தக்கழிச்சல்:

பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வார வயதில் இது வருகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி குடலைப் புண்ணாக்குவதால் எச்சத்தில் இரத்தம் காணும். ஈரமான தரையே இதற்கு விளைநிலம். இந்நோயைக் குணப்படுத்தலாம். கால்நடை மருத்துவர் கூறும் அளவில் ஆம்ப்ரோலியம் என்னும் மருந்தைக் குடிநீரில் கலந்து கொடுக்க வேண்டும். நனைந்த உமியையும் மரத்தூளையும் அகற்றி உலர்ந்ததைப் பரப்பாவிட்டால் நோய் மீண்டும் வரும்.

வெள்ளைக்கழிச்சல்:

இமயமலைச் சாரலிலுள்ள இராணிகேத் என்னும் ஊரின் பெயரால் இதனை இராணிகேத் நோய் என்றும் அழைப்பர். வெண்மையும் பச்சையும் கலந்த கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை இதன் குறிகள். இது வைரஸ் நோய். வந்தபின் தீர்க்க மருந்தில்லை. வருமுன் காப்பதே வழி. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, நான்காம் வாரத்தில் மறுபடியும் சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் ஊசி என்பது வழக்கமான முறை. 1932ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இத்தகைய மருந்துகளைத் தயாரிக்கிறது. தடுப்பு மருந்தை ஐஸில் வைத்தே கொண்டுவர வேண்டும். வெயில் பட்டால் பயனற்றுப் போகும். நலமான குஞ்சுகளுக்கு மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும்.

நாம் செய்யத் தகாதவை:

நமக்கு வாங்கிய காய்ச்சல் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கக் கூடாது. கால்விரல் உள்நோக்கி மடங்கிய குஞ்சை உடனே தொற்றுநோய் என்று எண்ணி ஒதுக்கவும் கூடாது. வைட்டமின் பி2 குறைவாலும் அவ்வாறு நேரும். தொடக்கத்திலேயே அச்சத்தைக் கொடுத்தால் குஞ்சு தேறும். இறந்த குஞ்சைக் குப்பையிலோ வாய்க்காலிலோ எறியாமல், ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். குஞ்சுகளைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவது நம் நலத்திற்கும் தேவை.

அன்புத் தோழியரே! மருந்தால் தீரும் நோயும் உண்டு, தடுப்பால் மட்டுமே நீங்கும் நோயும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிந்து இன்றே நம் வீட்டாருக்குச் சொல்வோம். அடுத்த அடையில் குஞ்சு பொரிக்கும் நாளை நாட்காட்டியில் குறித்துவைத்து, ஏழாம் நாள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் குஞ்சுகளைக் கூடையில் எடுத்துச் செல்வோமாக!

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு