உருக்கின் காய்ச்சியிணைப்புத் தகவும் முன்வெப்பமேற்றலும்

மாணவர்களே, மெல்லுருக்குக் கதவு ஒன்றைக் காய்ச்சியிணைத்தால் (வெல்டிங் செய்தால்) மூட்டு நெடுங்காலம் நிற்கும். அதே மின்வாயால் வாகன வில்தகடு ஒன்றை இணைத்தால், சில மணி நேரத்தில் மூட்டின் அருகே வெடிக்கலாம். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உருக்கின் அமைப்பே ஆகும்.

1. வெடிப்பு ஏன் ஏற்படுகிறது?

உருகிய மூட்டை அடுத்துள்ள பகுதி, உருகாவிட்டாலும் மிகுந்த வெப்பமடைகிறது. இது வெப்பத்தாற் பாதிக்கப்பட்ட வலயம் எனப்படும். சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் இவ்வெப்பத்தை விரைவாக இழுத்துக்கொள்ளும். காபன் கூடிய உருக்கு இவ்வாறு விரைவாகக் குளிரும்போது மாட்டன்சைற்று என்னும் கடினமான, நொறுங்கும் அமைப்பாக மாறுகிறது.

குளிர் வெடிப்பு ஏற்பட மூன்று காரணிகள் ஒன்றுசேர வேண்டும்.

(அ) கடினமான அமைப்பு
(ஆ) ஐதரசன் (மின்வாயின் ஈரம், துரு, எண்ணெய் என்பவற்றிலிருந்து வருவது)
(இ) சுருங்குவதால் ஏற்படும் இழுவைத் தகைப்பு

இவ்வெடிப்பு உடனே தோன்றாமல், ஒரு நாள் அல்லது இரண்டு நாள் கழித்தும் தோன்றலாம்.

2. காபன் சமவலு

மங்கனீசு, குரோமியம் போன்ற மூலகங்களும் உருக்கைக் கடினமாக்கும். ஆனால் காபனைவிடக் குறைந்த அளவில். எனவே அவற்றைக் காபனின் அளவாக மாற்றிக் கூட்டுகிறோம். சர்வதேசக் காய்ச்சியிணைப்பு நிறுவகத்தின் சூத்திரம் வருமாறு:

காபன் சமவலு = காபன் + (மங்கனீசு ÷ 6) + [(குரோமியம் + மொலிப்டினம் + வனேடியம்) ÷ 5] + [(நிக்கல் + செம்பு) ÷ 15]

எல்லா அளவுகளும் திணிவு நூற்றுவீதத்தில் இடப்பட வேண்டும்.

பருமட்டான வழிகாட்டி:
• 0.40 இலும் குறைவு: பொதுவாக முன்வெப்பமேற்றல் தேவையில்லை.
• 0.40 – 0.60: ஏறத்தாழ 100 – 200 பாகை செல்சியசு வரை முன்வெப்பமேற்றல் வேண்டும்.
• 0.60 இலும் கூட: 200 பாகைக்கு மேல் முன்வெப்பமேற்றல், ஐதரசன் குறைந்த உலர்ந்த மின்வாய், மெதுவாகக் குளிரவிடல் ஆகிய மூன்றும் வேண்டும்.

தகடு தடிப்பாக இருந்தால் வெப்பம் விரைவாக இழக்கப்படும். ஆகவே ஒரே உருக்காயினும் தடித்த தகட்டுக்குக் கூடிய முன்வெப்பம் தேவை.

3. செய்துகாட்டிய உதாரணம்

மெல்லுருக்கு: காபன் 0.18, மங்கனீசு 0.60
0.18 + (0.60 ÷ 6) = 0.18 + 0.10 = 0.28
முடிவு: மெல்லிய தகடாயின் நேரடியாக இணைக்கலாம்.

வில்தகட்டு உருக்கு: காபன் 0.60, மங்கனீசு 0.90, குரோமியம் 0.80
0.60 + (0.90 ÷ 6) + (0.80 ÷ 5) = 0.60 + 0.15 + 0.16 = 0.91
முடிவு: வெடிக்கும் அபாயம் மிக அதிகம். வெப்பத்தால் வில்லின் பதமும் கெடும். எனவே உடைந்த வில்தகட்டை ஒட்டாது மாற்றுவதே பாதுகாப்பானது.

4. முன்வெப்பமேற்றலின் பயன்கள்

• குளிரும் வீதம் குறைவதால் கடினமான அமைப்பு உருவாவது குறையும்.
• ஐதரசன் வெளியேற நேரம் கிடைக்கும்.
• மேற்பரப்பின் ஈரம் நீங்கும்.
• சுருக்கத் தகைப்புக் குறையும்.

5. வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1961 இல் திறக்கப்பட்ட கிங் வீதிப் பாலத்தின் ஒரு பகுதி, 1962 ஜூலை 10 இல் குளிரான காலைப்பொழுதில், ஏறத்தாழ 45 தொன் வாகனம் சென்றபோது உடைந்து தாழ்ந்தது. எவரும் இறக்கவில்லை. பாலத்தின் உருக்கு வலிமை கூடியது. ஆயினும் காய்ச்சியிணைக்கக் கடினமானது. வளைகளின் இணைப்பு ஓரங்களில் ஏற்கெனவே வெடிப்புகள் இருந்தன. வலிமையான உருக்கெல்லாம் இணைக்க ஏற்ற உருக்கன்று என்பதை நினைவிற் கொள்க.

கவனிக்க: மங்கனீசை 6 ஆல் வகுக்க மறப்பதும், அடைப்புக்குள் உள்ளவற்றைக் கூட்டுமுன் வகுப்பைத் தவறாகச் செய்வதும் புள்ளிகளை இழக்கச் செய்யும். கறையில் உருக்குக்கு இச்சூத்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம்.

பயிற்சி வினா

காபன் 0.22, மங்கனீசு 1.50, குரோமியம் 0.20 கொண்ட உருக்கின் காபன் சமவலுவைக் கணித்து, முன்வெப்பமேற்றல் தேவையா எனக் காரணத்துடன் கூறுக.

விடை: 0.22 + 0.25 + 0.04 = 0.51. இது 0.40 இற்கும் 0.60 இற்கும் இடைப்பட்டது. எனவே முன்வெப்பமேற்றல் தேவை.