ஜென் என்று குத்தும் முன்

அன்புத் தம்பிக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய ஸ்டென்சிலைப் பார்த்தேன். போதிதருமர் முகம், புருவம், தாடி எல்லாம் பிரமாதம். அதன் கீழே நிற்கும் ‘ஜென்’ என்ற ஒற்றைச் சீன எழுத்தைத்தான் ‘சரியா சார்?’ என்று கேட்டிருக்கிறாய். சரியில்லை. சனிக்கிழமை அந்தப் பையன் வந்து தோளைக் காட்டினால் இதைக் குத்தாதே.

இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வாரம் வேறொரு எழுத்தோடு வந்து நிற்பாய். மேற்குத் தாம்பரத்தில் கடை போட்டிருக்கும் உனக்கு மட்டுமா, குரோம்பேட்டை, மேடவாக்கம், வேளச்சேரி என்று இந்தப் பக்கம் முழுக்க ஊசி பிடிக்கும் உன் வயதுக்காரர்களுக்கும் இதே சந்தேகம் இருக்கும். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஜப்பானியருக்கும் நம்மவருக்கும் நடுவே மொழிபெயர்த்துப் பிழைத்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. படம் வரைய எனக்கு வராது. எழுத்து கொஞ்சம் வரும்.

தவறு இடப்பக்கத்தில் இருக்கிறது. இந்த எழுத்து இரண்டு துண்டுகளால் ஆனது. இடப்பக்கத் துண்டு தெய்வத்துக்கு உரியது; பலிபீடத்தின் அல்லது முன்னோரை வைத்து வணங்கும் பலகையின் உருவத்திலிருந்து வந்தது என்பார்கள். தெய்வம், மூதாதை, வேண்டுதல், நற்பேறு இவற்றுக்கான எழுத்துகளிலெல்லாம் இதே துண்டைப் பார்க்கலாம். தூரிகையில் எழுதும்போது அதன் வலது தோளில் ஒரே ஒரு சிறு கீற்றுதான் வரும். உன் படத்தில் இரண்டு கீற்று இருக்கிறது. அந்த ஒன்று கூடியதும் அது துணியைக் குறிக்கும் துண்டாகிவிட்டது. துணித் துண்டோடு, நீ போட்டிருக்கும் பழைய முழு வடிவ வலப்பக்கம் சேர்ந்தால், ‘தான்’ என்று படிக்கும் தனி எழுத்து. அகராதியில் இருக்கிறது: உள்துணி வைக்காமல் தைத்த அங்கி. னவுக்கு ஒரு சுழி கூடினால் மனம் மணமாகிவிடுகிறதே, அதே கதை. ஞானம் தேடி வந்தவன் தோளில் லைனிங் இல்லாத சட்டை!

வலப்பக்கத் துண்டு தனியே நின்றால் ‘ஒற்றை’ என்று பொருள். இங்கே அது ஒலியைக் காட்ட மட்டும் நிற்கிறது. ‘தெய்வத்தின் முன் தனியாக நிற்பதே ஜென்’ என்று யாராவது எழுத்தைப் பிரித்து அழகாக விளக்கினால் நம்பாதே. சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான், ஒரு பக்கம் பொருளுக்கு, ஒரு பக்கம் ஒலிக்கு. கி.பி. 100இல் ஷூ ஷென் என்ற அறிஞர் 9,353 எழுத்துகளைப் பிரித்து விளக்கி ஓர் அகராதியை முடித்தார். அதில் இந்த எழுத்துக்கு வானுக்குப் பலியிடுதல் என்று பொருள் சொல்லி, வலப்பக்கம் ஒலிக்கு என்றும் குறித்திருக்கிறார். தியானம் என்ற பேச்சே இல்லை. இருக்கவும் வழியில்லை; பௌத்தம் அப்போதுதான் சீனாவில் காலடி வைத்திருந்தது.

அன்றைக்கு அது அரசர்களின் எழுத்து. பேரரசர் தாய் மலைக்குப் போய் வானுக்கும் பூமிக்கும் செய்யும் பெருஞ்சடங்கின் பெயரில் இது பாதி. கி.மு. 219இல் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் அதைச் செய்தார், கி.மு. 110இல் ஹான் பேரரசர் வூ செய்தார். பெற்ற மகனை விட்டுவிட்டுத் தகுதியுள்ளவனுக்கு அரியணையை விட்டுக்கொடுப்பது என்றும் அதற்கு ஒரு பொருள். பழங்கதையில் யாவ் அரசர் ஷுன் என்பவருக்கு அப்படித்தான் கொடுத்தார். இந்தப் பொருள் இன்னும் சாகவில்லை. ஜப்பானில் பிரதமர் பதவி சண்டையில்லாமல் கைமாறினால், பத்திரிகைகள் இதே எழுத்தை வைத்து ‘ஜென்ஜோ’ என்று எழுதும்.

பிறகு பௌத்த நூல்கள் வந்தன. வடமொழியில் ‘தியான’, பாலியில் ‘ஜான’. மொழிபெயர்த்தவர்கள் அந்தச் சொல்லை ஒலியோடு எடுத்துக்கொள்ள விரும்பினார்கள். அன்றைய உச்சரிப்பில் கிட்டத்தட்டப் பொருந்திய எழுத்து இது. கூடவே ‘ந’ ஒலிக்கு இன்னொன்றைச் சேர்த்து இரண்டெழுத்தாக எழுதினார்கள். நாளடைவில் வால் உதிர்ந்து முதல் எழுத்து மட்டும் நின்றது. அரியணைக்கும் தியானத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சீனர்கள் இன்றும் பழைய பொருளில் ‘ஷான்’ என்றும், தியானப் பொருளில் ‘சான்’ என்றும் பிரித்தே படிக்கிறார்கள்.

அதுவே கொரியாவில் ‘சொன்’, ஜப்பானில் ‘ஜென்’, வியட்நாமில் ‘தியென்’. கடைசிச் சொல்லைக் கேட்டதும் நம் தியானம் நேராகக் கப்பலேறிப் போயிற்று என்று மார்தட்டத் தோன்றும். அதுவும் சீன எழுத்து வழியாகப் போய் அங்கே அப்படித் திரிந்ததுதான். வியட்நாமியர் இப்போது ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். கொரியருக்கு 15ஆம் நூற்றாண்டில் செஜோங் அரசர் தந்த ஹங்குல் இருக்கிறது. ஆகவே இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் பக்கம் டீக்கடையில் பார்க்கும் இளம் கொரியரிடம் ஸ்டென்சிலைக் காட்டிச் சான்றிதழ் வாங்கலாம் என்று நினைக்காதே. அவருக்கு இந்த எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை; மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார்.

எழுத்து ஒன்றே ஆனாலும் அது தரும் வாசனை ஊருக்கு ஊர் மாறும். ஒருவர் பேச்சுக்குப் பேச்சு சொல்லும் வழக்கமான வார்த்தைக்குச் சீனத்தில் ‘வாய்நுனிச் சான்’ என்று பெயர். ஞானம் இல்லாமல் ஞானப் பேச்சு மட்டும் பேசியவர்களைக் குத்திக்காட்டப் பிறந்த தொடர் அது. பிடி கொடுக்காத, புரியாத உரையாடலை ஜப்பானியர் ‘ஜென் கேள்வி பதில்’ என்பார்கள். ஸ்பா விளம்பரத்தில் கூழாங்கல் அடுக்கி வைத்துக் காட்டும் அமைதியெல்லாம் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்தது.

இனி உன் கைவேலைக்கு வருகிறேன். இந்த எழுத்துக்கு இன்று மூன்று வடிவம். பழைய முழு வடிவத்தில் 17 கீற்று. வலப்பக்கத் தலையில் இரண்டு சின்னக் கட்டங்கள் இருக்கும், அச்சில் இடப்பக்கத் துண்டும் முழு உருவில் வரும். தைவானிலும் ஹாங்காங்கிலும் இதுதான். சீனாவின் சுருக்க வடிவத்தில் 12 கீற்று, கட்டங்களுக்குப் பதில் தலையில் இரண்டு சிறு கீற்று. ஜப்பானிய வடிவத்தில் 13, தலையில் மூன்று. வேடிக்கை என்னவென்றால், யூனிகோடில் பின்னால் சொன்ன இரண்டுக்கும் ஒரே எண். தலையில் இரண்டு தெரியுமா மூன்று தெரியுமா என்பதை உன் போனில் இருக்கும் ஃபாண்ட் முடிவு செய்கிறது. வாடிக்கையாளர் போனில் ஒன்று, உன் போனில் ஒன்று. இரண்டையும் கலந்து யாரும் எழுதாத ஒன்றைத் தோலில் இறக்கிவிடுவாய். எந்த நாட்டு வடிவம் என்று முதலில் தீர்மானம் செய், பிறகு அதை மாற்றாதே. போதிதருமர் முகத்தோடு பெரிதாகப் போடுவதென்றால் என் ஓட்டு முழு வடிவத்துக்கு. விரலிலோ மணிக்கட்டிலோ கேட்டால் அதை மறுத்துவிடு. 17 கீற்று அந்த இடத்தில் சில வருடங்களில் மை பரவி ஒரே கறுப்புப் பொட்டாகிவிடும் என்று உனக்கே தெரியும்.

ஃபாண்டைப் பார்த்து வரையவும் வேண்டாம். படுக்கைக்கோடு மெலிந்து, நுனியில் முக்கோணம் வைத்த அச்செழுத்து செய்தித்தாளுக்காகச் செய்தது. தோலில் அது ரசீதில் அடித்த ரப்பர் முத்திரை மாதிரி நிற்கும். தூரிகையில் எழுதிய மாதிரியைத் தேடி எடு. எந்தக் கீற்று முதலில், எங்கே அழுத்தம், எங்கே தூக்கல் என்று காகிதத்தில் கை பழகும்வரை எழுதிப் பார். வரிசை தெரியாமல் எழுதியதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போதிதருமரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2011இல் ‘ஏழாம் அறிவு’ சினிமா வந்ததிலிருந்து, வாலாஜாபாத் சாலையைப் பிடித்தால் அவர் வீட்டுக்கே போய்விடலாம் என்கிற மாதிரி பேசுகிறோம். அவரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல் கி.பி. 547இல் யாங் சுவான்ஜி லோயாங் நகரத்து மடங்களைப் பற்றி எழுதியது. அதில் அவர் பாரசீகத் துறவி. பிறகு வந்த குறிப்பில் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன். 1004இல் தொகுத்த நூல் அந்த அரசருக்கு ‘சியாங்ஜி’ என்று பெயர் தருகிறது. அதைக் காஞ்சி என்று படிக்கிறவர்கள் உண்டு. இவற்றில் பல்லவர் என்ற பெயர் இல்லை. படத்தைக் குத்து, பக்கத்தில் ‘பல்லவ இளவரசன்’ என்று எழுதச் சொன்னால் கொஞ்சம் யோசி. காஞ்சிப் பெருமைதான் வேண்டும் என்றால் சந்தேகமில்லாத சாட்சி இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி சுவான்சாங், நம் நாட்டைத் ‘தாலோபிதூ’, அதாவது திராவிடம், என்றும், தலைநகரை நான்கு எழுத்தில் ‘ஜியன்ஜிபூலோ’, அதாவது காஞ்சிபுரம், என்றும் எழுதி வைத்தார். பௌத்த அறிஞர் தர்மபாலர் பிறந்த ஊர் என்றும் குறித்தார். அந்த நான்கு எழுத்தைக் குத்திக்கொள்கிற ஒரு காஞ்சிக்காரனைப் பார்க்க எனக்கு ஆசை.

எழுத்தைத் தோலில் இறக்குவது அவர்களுக்கும் புதிதில்லை. பழைய சீனாவில் குற்றவாளி முகத்தில் மை குத்துவது தண்டனை. அதே நாட்டில் 12ஆம் நூற்றாண்டுத் தளபதி யுவே ஃபெய் முதுகில், முழு விசுவாசத்தோடு நாட்டுக்கு உழைப்பேன் என்ற பொருளில் நான்கு பெரிய எழுத்துகள் ஆழமாகக் குத்தியிருந்ததாகச் சோங் வம்ச வரலாறு சொல்கிறது. தாய் குத்திவிட்டாள் என்பது பின்னால் வந்த கதை.

ஜோடி ஜோடியாக வருகிறவர்களிடம் இன்னும் கவனம். ‘அன்பு’, ‘ஆள்’ என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்தால் சீனாவில் கணவன் அல்லது மனைவி, கொரியாவில் காதலன் அல்லது காதலி, ஜப்பானில் கள்ளத்தொடர்பு. கல்யாண நாளுக்கு அதைக் கேட்டு வந்தால் என்ன செய்வாய்? அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டே 2019 ஜனவரியில் ‘ஏழு மோதிரங்கள்’ என்ற தன் பாட்டின் பெயரை உள்ளங்கையில் ஜப்பானியத்தில் குத்திக்கொண்டார். வலி தாங்காமல் நடுவில் எழுத்துகளை விட்டதில், சிறிய கரி அடுப்பு என்று ஆகிவிட்டது. காசுக்கும் ஆலோசகருக்கும் பஞ்சமில்லாதவருக்கே அப்படி.

உன் கடைச் சுவரில் ‘சீன ஏ பி சி டி’ என்று ஒரு ஃப்ளாஷ் ஷீட் தொங்குகிறதே, அதை இன்றைக்கே கிழித்துப் போடு. சீனத்தில் அகரவரிசை கிடையாது. ஏவுக்கு ஒன்று, பிக்கு ஒன்று என்று அதில் இருப்பவை யாரோ ஒட்டிய வெற்று உருவங்கள். அதை வைத்துப் பெயர் எழுதினால் உலகத்தில் யாராலும் படிக்க முடியாது. பெயர் கேட்கிறவருக்கு ஜப்பானியக் கதகானாவில் எழுதிக் கொடு. ஒலியை எழுதவே இருக்கும் எழுத்து அது, நாற்பத்துச் சொச்சம் உருவம், ஒரு மாதத்தில் நீயே கற்றுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று, எழுத்தைப் பற்றியது இல்லை. ஜப்பானில் டாட்டூ என்றால் யாகுசா ரவுடிக் கும்பலின் நினைவு இன்னும் போகவில்லை. பொதுக் குளியல் இல்லங்கள் பலவற்றில் டாட்டூ உள்ளவர்களை உள்ளே விடுவதில்லை. நம் பக்கத்துப் பையன்கள் ஒரகடத்திலிருந்து பயிற்சிக்கும் வேலைக்கும் அங்கே போகிறார்கள். ஜப்பானிய எழுத்தைக் கேட்டு வருகிறவனிடம், அந்த ஊருக்குப் போகும் எண்ணம் இருக்கிறதா என்று அட்வான்ஸ் வாங்கும் முன் கேள். இருக்கிறது என்றால், முழுக்கைச் சட்டை மறைக்கும் இடமாகப் பார்த்துச் சொல். குளியல் இல்லத்தில் அதுவும் உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு.