ஆய்வுக்கூடத்தில் நிற்க யார் காசு தருவது?



நான் மின்னணுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். போன வருட விடுமுறையில், இசிஜி பதிவைச் சுத்தப்படுத்தும் ஆய்வில் சேர ஒரு விரிவுரையாளர் கூப்பிட்டார். இதயத் துடிப்பின் பதிவோடு சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் கலந்து வரும்; அதைப் பிரித்து எடுக்கணும். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஆனால் சம்பளம் கிடையாது.

அம்மா ஒரே கேள்விதான் கேட்டாங்க: "பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் யாருப்பா காசு தருவா?"

மூன்று வாரம் போனேன். அப்புறம் நின்னுட்டேன், வழக்கம்போல கடை வேலைக்குப் போனேன். என்னோடு சேர்ந்த நண்பன் பத்து வாரமும் இருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மதிப்பெண்தான். அவனுக்குக் கடை வேலை தேவைப்படவில்லை, அவ்வளவுதான். இன்று அவன் சுயவிவரத்தில் "ஆய்வு அனுபவம்" என்று ஒரு வரி இருக்கு. அடுத்த வாய்ப்புக்குப் போனால் அந்த வரியைத்தான் தேடுறாங்க. சின்ன இடைவெளி இப்படித்தான் பெரிதாகிறது.

அதில் நான் படித்த பாடம் இது: உதவித்தொகையை நாம் பரிசு என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு மாணவனின் நேரத்துக்கான விலை. அது இல்லாத இடத்தில், வசதி உள்ளவன் மட்டுமே கற்றுக்கொள்வான்.

சரி, அந்தப் பணம் எங்கே இருக்கிறது?

முதலாவது, விரிவுரையாளரின் ஆய்வு மானியம். மலேசியாவில் உயர்கல்வி அமைச்சு தரும் எஃப்ஆர்ஜிஎஸ் போன்றவை. அதில் உள்ள ஊதியம் பெரும்பாலும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்குப் போகும். ஆனாலும் கேட்பதில் தப்பில்லை.

இரண்டாவது, சிங்கப்பூரின் ஏ-ஸ்டார் நிறுவனம் வெளிநாட்டு மாணவர்களுக்குத் தரும் 'சிப்கா' விருது. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். குறைந்தது இரண்டு மாதம் ஆய்வுக்கூடப் பயிற்சி. மாதம் 1,500 சிங்கப்பூர் வெள்ளி. புவன விஸ்தா பக்கம் உள்ள பயோபொலிஸில் மருத்துவ உயிரியல் ஆய்வுக்கூடங்கள் பல இருக்கின்றன.

மூன்றாவது, அம்ஜென் அறக்கட்டளை பணம் தரும் 'அம்ஜென் ஸ்காலர்ஸ்' கோடைத் திட்டம். அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியப் பல்கலைக்கழகங்களில் நடக்கிறது.

மூன்றுக்கும் ஒரே வழி: விடுமுறை தொடங்கும்போது தேடாதீங்க, பல மாதம் முன்னாடியே தேடுங்க. "எனக்கு உதவித்தொகை இருந்தால்தான் வர முடியும்" என்று முதல் நாளே சொல்லுங்க. நான் வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டேன். சொல்லாமல் நின்றவனுக்கு ஆர்வமில்லை என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

இந்த முறை சிப்காவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்று வாரத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

கிளைக் கூட்டத்தில் கலந்து பேச:

1. பணம் இல்லாததால் நீங்கள் விட்டுவிட்ட பயிற்சி எது? அதை யாரிடமாவது சொன்னீர்களா?

2. ஒரு மாணவரின் பத்து வார பஸ் காசும் மதியச் சாப்பாடும் எவ்வளவு ஆகும்? நம் கிளையால் அதைத் தர முடியுமா?