வாய்க்குள் ஒரு வரைபடம்: உயிரொலிகள் பிறக்கும் விதம்

மாணவர்களே, மலாய்மொழியில் 'பெராங்' என்று இரண்டு சொற்கள் உள்ளன. ஒன்றின் பொருள் போர். மற்றொன்றின் பொருள் பழுப்பு நிறம். ரூமி எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாய்விட்டுச் சொன்னால்தான் வேறுபாடு தெரியும். போரைக் குறிக்கும் சொல்லின் முதல் உயிர் 'பெப்பெட்'. நிறத்தைக் குறிக்கும் சொல்லில் அது 'தாலிங்'. எழுத்து ஒன்றாக இருக்க, ஒலி எப்படி இரண்டானது?

உயிரொலி என்பது என்ன?

நுரையீரலிலிருந்து வரும் காற்று, குரல்வளையில் உள்ள குரல் நாண்களை அதிரச் செய்கிறது. அந்த ஒலி வாய்வழியே வெளியேறும்போது நாக்கோ பல்லோ உதடோ காற்றைத் தடுத்தால் அல்லது நெருக்கினால் மெய்யொலி பிறக்கும். தடையின்றி வெளிவந்தால் அது உயிரொலி.

செய்து பார்ப்போம்

தொண்டையில் இரண்டு விரல்களை வைத்து, குரலை ஏற்றாமல் இறக்காமல் 'ஆ... ஈ... ஊ' என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். தொண்டையின் அதிர்வு தொடர்கிறது. உயிர் மட்டும் மாறுகிறது.

அடுத்து, 'ஈ, ஏ, ஆ, ஓ, ஊ' என்று கிசுகிசுத்துப் பாருங்கள். இப்போது குரல் நாண்கள் அதிரவில்லை. இருந்தும் ஐந்தையும் அடையாளம் காண முடிகிறது! ஒலியின் கூர்மை படிப்படியாகக் குறைவதையும் கவனியுங்கள். ஆகவே, ஓர் உயிரை 'ஈ' என்றோ 'ஊ' என்றோ ஆக்குவது வாயின் வடிவமே.

காரணம் என்ன?

போத்தலில் நீர் நிரம்ப நிரம்ப ஒலி கூர்மையாவதைக் கேட்டிருப்பீர்கள். உள்ளே காற்று நிற்கும் இடம் சுருங்குவதே அதற்குக் காரணம். காற்றறையின் அளவுக்கேற்பச் சில அதிர்வெண்கள் வலுப்பெறுவதை ஒத்ததிர்வு என்கிறோம். வாயும் ஒரு காற்றறைதான். நாக்கு நகர்ந்தால் அதன் வடிவம் மாறும். வயது வந்த ஆணின் 'ஈ' ஒலியில் சுமார் 300, 2,300 ஹெர்ட்ஸ் அதிர்வெண்கள் வலுப்பெறுகின்றன. 'ஆ' ஒலியில் சுமார் 700, 1,100 ஹெர்ட்ஸ்.

வகைப்படுத்த மூன்று கேள்விகள்

1. நாக்கு எந்த உயரத்தில் உள்ளது? 'ஈ', 'ஊ' மேலுயிர்கள்; 'ஏ', 'ஓ' இடையுயிர்கள்; 'ஆ' கீழுயிர்.

2. நாக்கின் எந்தப் பகுதி உயர்கிறது? முன்பகுதி உயர்ந்தால் 'ஈ', 'ஏ'. பின்பகுதி உயர்ந்தால் 'ஊ', 'ஓ'. 'ஆ' இவற்றுக்கு நடுவில் பிறக்கிறது.

3. உதடுகள் குவிகின்றனவா? 'ஊ', 'ஓ' ஒலிகளுக்குக் குவியும், மற்றவற்றுக்குக் குவியா.

தொல்காப்பியத்தின் பிறப்பியலும் உயிர்களை இவ்வாறே பிரிக்கிறது: வாயைத் திறப்பதால் பிறக்கும் அ, ஆ, நாவிளிம்பு மேற்பல்லை ஒட்டப் பிறக்கும் இ, ஈ, எ, ஏ, ஐ, இதழ் குவியப் பிறக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ.

தமிழில் உயிரெழுத்துகள் 12 இருந்தாலும், அவை பிறக்கும் இடங்கள் ஏறக்குறைய 5 மட்டுமே. ஒவ்வோர் இடத்திலும் குறில், நெடில் என இரண்டு, ஆக 10. எஞ்சிய ஐ, ஔ இரண்டிலும் நாக்கு ஓரிடத்தில் தொடங்கி வேறோர் இடத்துக்கு நகர்கிறது.

மீண்டும் 'பெராங்'

தாலிங், நம் 'எ' பிறக்கும் இடத்தில் பிறக்கிறது. பெப்பெட் ஒலிக்கு நாக்கு முன்னும் பின்னும் போகாது, மேலேறாது, கீழிறங்காது, வாயின் நடுவில் ஓய்வாக நிற்கும். உதடும் குவியாது. தமிழில் இந்த இடத்துக்குத் தனி எழுத்து இல்லை. அதனால் இரண்டையும் 'பெ' என்றே எழுதுகிறோம். அந்த எழுத்தை மனத்தில் வைத்துப் படித்தால், போர் பழுப்பு நிறமாகிவிடும்! ஐயம் வந்தால் காமுஸ் டேவான் அகராதியைப் பாருங்கள். தாலிங் ஒலிக்கு எழுத்தின்மேல் சிறு கோடு இட்டுக் காட்டியிருப்பார்கள்.

முயன்று பாருங்கள்

'ஈ' என்று ஒலித்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதடுகளை மட்டும் குவியுங்கள். தமிழிலும் மலாயிலும் இல்லாத ஓர் உயிர் பிறக்கும். பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் அது அன்றாட ஒலி. மேற்கண்ட மூன்று கேள்விகளைக் கேட்டு, அது எவ்வகை உயிர் என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.