கதவு திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே விடவில்லை!

நீங்கள் பென்னாகரத்தில் பத்தாம் வகுப்புப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளி மைதானத்தில் ஒரு மழைமானி. தினமும் காலையில் மழையளவைக் குறித்து வைக்கிறீர்கள். பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் காவிரி நீர்வரத்தையும் அதன் பக்கத்தில் எழுதுகிறீர்கள். ஆடி மாதத்தில் ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா ஓடாதா என்பதை இந்த எண்தானே தீர்மானிக்கிறது! ஊரார் எல்லோரும் பார்க்கட்டும் என்று, பள்ளியின் லினக்ஸ் கணிப்பொறியில் ஒரு வலைப்பக்கமும் தயாரித்துவிட்டீர்கள்.

பக்கத்தைத் திறக்கிறீர்கள். '403 - அனுமதி இல்லை' என்று வருகிறது. கோப்பு அங்கேதான் இருக்கிறது. உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. கணிப்பொறி மட்டும் மறுக்கிறது. ஏன்?

வலைப்பக்கத்தை எடுத்து வெளியே கொடுப்பவர் நீங்கள் அல்ல. 'அப்பாச்சி' என்னும் மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. லினக்ஸ் அதைத் தனி ஆளாகவே கருதுகிறது. தனிப் பெயரும் உண்டு. நீங்கள் படிக்க முடிந்த கோப்பை அந்த ஆளும் படிக்க முடிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகை மனிதர்கள் உண்டு: உடையவர், அவருடைய குழுவினர், மற்றவர். ஒவ்வொருவருக்கும் மூன்று உரிமைகள்: படித்தல் 4, எழுதுதல் 2, இயக்குதல் 1. இவற்றைக் கூட்டி எழுதுவதுதான் வழக்கம். 644 என்றால் உடையவர் படிக்கலாம், எழுதலாம் (4+2). குழுவினரும் மற்றவரும் படிக்க மட்டும் செய்யலாம். இந்த முறை லினக்ஸுக்கு முந்தையது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸின் சொத்து அது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதியபோது அதையே எடுத்துக்கொண்டார்.

இங்கே பலர் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. கோப்புகளை வைக்கும் அடைவுக்கு 'இயக்குதல்' என்றால் என்ன பொருள்? அடைவை இயக்க முடியாதே! அங்கே அந்த 1 என்பது 'உள்ளே நுழைந்து கடந்து போகலாம்' என்று பொருள்படும். வகுப்பறைக் கதவு திறந்திருந்தாலும் பள்ளியின் வெளிக்கதவு பூட்டியிருந்தால் வகுப்புக்குப் போக முடியுமா? அதுபோல, கோப்பு வரையிலான வழியில் உள்ள ஒவ்வோர் அடைவிலும் அப்பாச்சிக்கு நுழைவுரிமை வேண்டும். ஆகவே அடைவுகளுக்கு வழக்கமாக 755. 'நேம்ஐ -எல்' என்ற கட்டளை, வழியில் உள்ள எல்லாக் கதவுகளையும் வரிசையாகக் காட்டிவிடும். அருமையான கட்டளை, ஏனோ பலருக்குத் தெரிவதில்லை.

நீங்கள் பார்த்தீர்கள். அடைவுகள் 755, கோப்பு 644. எல்லாம் சரி. ஆனால் இன்னமும் 403!

இந்தச் சமயத்தில்தான் யாராவது ஓர் அண்ணன் வந்து, "எல்லாவற்றுக்கும் 777 போடு தம்பி, சரியாகிவிடும்" என்பார். போடாதீர்கள். 777 என்றால் அந்தக் கணிப்பொறியில் கணக்கு வைத்திருக்கும் எவரும், அப்பாச்சியின் ஓட்டை வழியே நுழைந்த அந்நியரும்கூட, உங்கள் கோப்பைத் திருத்தலாம். வினாடிக்கு 80,000 கன அடி என்பதில் ஒரு சுழியத்தை அழித்தால் 8,000. அதை நம்பி ஒரு குடும்பம் ஆற்றங்கரைக்குக் குளிக்கப் போனால்? போதாக்குறைக்கு, நம் கோளாறும் 777ஆல் தீரப்போவதில்லை. அது வேறிடத்தில் இருக்கிறது.

அரசு மருத்துவமனை மாத்திரை அட்டையைப் பார்த்திருப்பீர்கள். 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கல்ல' என்று அச்சிட்டிருக்கும். ஒரு மருந்துக் கடைக்காரரிடம் அலமாரிச் சாவி இருக்கலாம். அந்த அட்டையும் அதற்குள் இருக்கலாம். ஆனாலும் விற்க முடியாது. சாவி ஒரு சோதனை. சீட்டு இன்னொரு சோதனை. லினக்ஸிலும் இப்படி இரண்டாவது சோதனை உண்டு. அதற்கு 'எஸ்.இ. லினக்ஸ்' என்று பெயர். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்ட இது, 2003இல் லினக்ஸ் கருவோடு சேர்ந்தது. ரெட் ஹேட் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெடோரா, ராக்கி, அல்மா போன்றவற்றில் இது தானாகவே விழித்திருக்கும். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் டெபியன் வழி வந்தது. அதில் இந்தச் சீட்டு முறை தானாக இயங்காது.

'எல்.எஸ். -இசட்' என்று கட்டளையிட்டால் சீட்டு தெரியும். உங்கள் கோப்பில் 'யூசர்_ஹோம்_டி' என்று இருக்கிறது. அதாவது வீட்டுச் சாமான்! அப்பாச்சி படிக்க 'எச்.டி.டி.பி.டி_சிஸ்_கன்டென்ட்_டி' என்ற சீட்டு வேண்டும். வீட்டுச் சீட்டு எப்படி வந்தது? உங்கள் சொந்த அடைவில் பக்கத்தை எழுதி, பிறகு 'எம்.வி.' கட்டளையால் வலை அடைவுக்கு நகர்த்தினீர்கள். மாத்திரை அட்டையை எந்த அலமாரிக்கு மாற்றினாலும் அதன் மேல் அச்சு மாறாது அல்லவா? 'சி.பி.' கட்டளையால் நகலெடுத்திருந்தால் அங்கே புதுக் கோப்பு பிறந்து, அந்த இடத்துச் சீட்டைப் பெற்றிருக்கும்.

பரிகாரம் எளிது. 'ரீஸ்டோர்கான் -ஆர்வி' என்று எழுதி வலை அடைவின் பெயரைக் கொடுங்கள். ஒவ்வொரு கோப்பும் தன் இடத்துக்கு உரிய சீட்டைப் பெறும். பக்கம் திறக்கும். வழக்கமான வலை அடைவை விட்டு வேறிடத்தில் வைத்திருந்தால், முதலில் 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' கட்டளையால் 'இந்த இடத்துக்கு இந்தச் சீட்டு' என்று விதியைப் பதிய வேண்டும்; பிறகுதான் ரீஸ்டோர்கான். 'சிகான்' என்ற கட்டளையும் சீட்டை மாற்றும். ஆனால் விதியைப் பதியாமல் மாற்றுவதால், அடுத்த ரீஸ்டோர்கானில் பழைய கதைதான்.

கோளாறு எந்தச் சோதனையில் என்று ஊகிக்க ஒரு வழி சொல்கிறேன். லினக்ஸ் முதலில் 755, 644 போன்ற உரிமைகளைப் பார்க்கிறது. அங்கேயே மறுத்துவிட்டால் சீட்டைப் பார்ப்பதே இல்லை. சீட்டினால் மறுத்தால் தணிக்கைக் குறிப்பேட்டில் 'ஏ.வி.சி.' என்ற வரி பெரும்பாலும் பதிவாகும். ஆகவே அப்பாச்சியின் பிழைப் பதிவில் '13' என்ற எண்ணோடு அனுமதி மறுப்பு இருந்து, தணிக்கையில் ஏ.வி.சி. வரியும் இருந்தால் குற்றவாளி சீட்டு. ஏ.வி.சி. இல்லையென்றால் முதலில் கதவுகளைத் தேடுங்கள். பிழைப் பதிவில் 13 என்பதே இல்லாமல், 'சர்வர் அமைப்பு மறுத்தது' என்ற பொருளில் வரி இருந்தால் இரண்டும் நிரபராதி. அப்பாச்சியின் அமைப்புக் கோப்பைத் திருத்த வேண்டும்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. வலை அடைவுக்குள் 'மழை' என்று ஓர் அடைவு. அதை உடையவர் நீங்கள். அப்பாச்சி உங்கள் குழுவில் இல்லை. அடைவின் உரிமை 644. உள்ளே இருக்கும் கோப்பின் உரிமையும் 644. சீட்டுகள் சரி. பக்கம் திறக்குமா? திறக்காவிட்டால், தணிக்கைக் குறிப்பேட்டில் ஏ.வி.சி. வரி இருக்குமா? முதலில் தாளில் விடை எழுதுங்கள். பிறகு கணிப்பொறியில் செய்து பாருங்கள்.