இணையக் கம்பி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கிராமங்களுக்குச் சாலை வந்தது, மின்சாரம் வந்தது, குழாய்க் குடிநீரும் வந்தது. அவ்வரிசையில் இப்பொழுது இணையமும் வந்துகொண்டிருக்கிறது. ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைப்பதற்கென மத்திய அரசு 2011-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட திட்டம் 2015-இல் பாரத்நெட் என்னும் பெயர் பெற்றது. நமது மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளை இணைப்பது அதன் இலக்காயிற்று. தனியார் நிறுவனங்களும் சிற்றூர்களில் வீடுகளுக்கு இணைப்பு அளிக்கின்றன. நூறு மெகாபிட், இருநூறு மெகாபிட் என்று வேகத்தைக் குறிப்பிட்டு மாதக் கட்டணம் பெறுகின்றனர். எனினும் அவ்வேகம் வந்து சேருமிடம், வாசலை ஒட்டிய சுவரில் மாட்டப்படும் சிறு பெட்டியே ஆகும். அதற்கப்பால் அதனை வீட்டின் மூலைக்கோ தோட்டத்துக்கோ கொண்டு செல்வது நமது பொறுப்பு.

பெட்டியிலிருந்து எழும் வைஃபை அலையே போதுமென்பது பலரது எண்ணம். ஒரே அறையில் அமர்ந்து கைப்பேசி பார்ப்பதற்கு அது போதும். ஆனால் நமது வீடுகள் பல முன்கட்டு, பின்கட்டு என நீண்டவை, சுவர்கள் தடித்தவை. இடையில் தகரத் தடுப்போ தகரக் கூரையோ இருப்பின் அலை அதனைக் கடப்பது அரிது. பின்கட்டில் அமர்ந்து கல்லூரிப் பாடம் கேட்கும் பெண்ணுக்கும், மாட்டுக் கொட்டகையில் பொருத்திய காமிராவுக்கும் இணையம் தடையின்றிச் செல்ல வேண்டுமாயின் கம்பியே தக்கது. இதற்குரிய கம்பியை ஈதர்நெட் கேபிள் என்பர். கடைகளில் லேன் கேபிள் என்று கேட்பது வழக்கம்.

இதனை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணிபுரிந்த ஒன்றியத்தில், ஓர் ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஏறத்தாழ எழுபது மீட்டர் தொலைவிலிருந்த நூலகத்துக்குக் கம்பி இழுத்தோம். மூன்று விலைப்புள்ளிகள் பெற்றுக் குறைந்ததை ஏற்றோம். விதிப்படி அதில் பிழை இல்லை. இரண்டு மாதங்கள் கழிந்தபின் நூலகத்தில் இணையம் அடிக்கடி அறுந்தது. வந்த வேளையிலும் மந்தமாக இருந்தது. தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்த இளைஞர்கள், பாதியில் நின்ற படிவத்தை விட்டுவிட்டுப் பேருந்து ஏறி நகரத்துக்குச் சென்றனர். இணைப்பு அளித்தவர்கள்மீது நாங்கள் மூன்று முறை புகார் எழுதினோம். அவர்களுடைய பணியாளர் மூன்று முறையும் வந்து, அலுவலகப் பெட்டியில் வேகம் குறைவின்றி இருப்பதைக் காட்டிவிட்டுச் சென்றார். இறுதியில், அவ்வூரில் தொழிற்பயிற்சி முடித்த மின்பணியாளர் ஒருவர் கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினார். மேலே செம்பின் நிறம், உள்ளே வெள்ளை. "ஐயா, இது செம்பன்று; அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது" என்றார்.

அக்கம்பிக்கான பட்டியலில் கையொப்பமிட்டவன் நான். விலைப்புள்ளி கோரிய கடிதத்தில் 'லேன் கேபிள் 100 மீட்டர்' என்பதற்குமேல் ஒரு சொல்லும் நாங்கள் எழுதியிருக்கவில்லை. ஆகவே விற்றவரைக் கேட்கவும் வழியில்லாமற் போயிற்று.

பம்பு செட் வைத்திருக்கும் விவசாயப் பெருமக்களுக்கு இக்குறையை விளக்குவது எளிது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு மெல்லிய கம்பியை நெடுந்தூரம் இட்டால் மின்னழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. அலுமினியம், அதே பருமனுள்ள செம்பு கடத்தும் மின்சாரத்தில் ஐந்தில் மூன்று பங்கு அளவே கடத்தவல்லது. இரண்டு மூன்று மீட்டர் நீளத்தில் இவ்வேறுபாடு புலப்படாது. ஐம்பது, அறுபது மீட்டர் என்று நீளும்போது வெளிப்படும். அன்றியும் அலுமினியம் எளிதில் ஒடியக் கூடியது. பிளக்கில் பதித்த இடத்தில் நாளடைவில் பிடி தளர்ந்துவிடும். சில காமிராக்களுக்கு இணையக் கம்பி வழியாகவே மின்சாரமும் அனுப்பப்படுகிறது. அத்தகைய இடத்தில் பூச்சுக் கம்பி அளவுக்கு மீறிச் சூடேறக் கூடுமாதலால் அதனை அறவே தவிர்க்க வேண்டும். இக்கம்பியின் உறையிலோ பெட்டியிலோ சி.சி.ஏ. என்னும் மூன்றெழுத்து காணப்படும். காணப்படாமலிருப்பதும் உண்டு. ஆதலால் எழுத்தை மட்டும் நம்பாமல், கடையிலேயே நுனியைச் சுரண்டிப் பார்ப்பது நலம். ஒரே நீளமுள்ள இரு சுருள்களைக் கையிற் தூக்கிப் பார்த்தாலும் செம்புச் சுருளின் எடை தெரிந்துவிடும்.

நீளத்தைப்பற்றித் தவறான கருத்து ஒன்று பரவலாக உள்ளது. வாய்க்கால் நீர் கடைமடைக்குச் செல்லும்போது குறைவதுபோல, கம்பி நீள நீள இணைய வேகமும் சிறிது சிறிதாகக் குறையும் என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. களத்தில் நெல் அளப்பவர் 'லாபம், இரண்டு, மூன்று' என்று கூவ, சற்றுத் தள்ளி அமர்ந்திருப்பவர் கணக்கு எழுதுகிறார். குரல் காதில் விழும் தூரம் வரையில் அவர் பத்தடியில் இருந்தாலும் ஐம்பதடியில் இருந்தாலும் கணக்கு ஒன்றே. குரல் எட்டாத தூரத்துக்குச் சென்றால்தான் தவறு நேரும், மீண்டும் மீண்டும் கேட்க நேரும், வேலை தடைப்படும். நல்ல செம்புக் கம்பியில் அந்தத் தூரம் 100 மீட்டர் என்று வகுத்திருக்கிறார்கள். சுவரில் நிலையாகப் பதிப்பது 90 மீட்டர், இரு முனைகளிலும் சாதனங்களுடன் சேர்க்கும் சிறு துண்டுகள் 10 மீட்டர் என்பது அதன் கணக்கு. இவ்வெல்லைக்குள் வேகம் குறையாது.

அளக்கும்போது கம்பி செல்லும் வழியை அளக்க வேண்டும். காக்கை பறக்கும் தூரத்தை அளந்து வாங்கியவர்கள், கம்பி சுவரேறி வாசற்படியைச் சுற்றி இறங்குவதற்குள் நான்கு மீட்டர் குறைந்து ஒட்டுப் போடுவதைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு ஒட்டும் ஒரு பலவீனம்.

அடுத்து வகை எண். கேட்-5ஈ, கேட்-6, கேட்-6ஏ, கேட்-7, கேட்-8 என்று பல வகைகள் விற்கப்படுகின்றன. எண் உயர உயர விலையும் உயர்கிறது. எண் பெரிதானால் இணையமும் விரையும் என்று வணிகர் கூறுவதும் உண்டு. உண்மை வேறு. விநாடிக்கு 1,000 மெகாபிட், அதாவது ஒரு ஜிகாபிட் வேகத்தைச் செம்புக் கம்பியில் 100 மீட்டர் வரை செலுத்தும் முறை 1999-இலேயே வகுக்கப்பட்டுவிட்டது. அதற்குக் கேட்-5ஈ போதும். கேட்-6 அதனினும் சற்றுப் பருமனாகவும் உள்ளிணைகள் நன்கு முறுக்கப்பட்டும் இருப்பது. புதிதாகச் சுவருக்குள் பதிப்பவர்கள் சிறிது கூடுதல் விலை கொடுத்து இதனை வாங்கலாம். பத்து ஜிகாபிட் வேகத்தை 100 மீட்டர் கொண்டு செல்லக் கேட்-6ஏ தேவை. நமது வீடுகளில் அத்தேவை பெரும்பாலும் இல்லை. கேட்-8 அதற்குரிய பெருவேகத்தை 30 மீட்டர் வரையில்தான் தரும். அது கணினிக் கூடங்களுக்கென அமைந்தது. கேட்-7 என்று பொறித்து நாடாப் போலத் தட்டையாக விற்கப்படும் நீண்ட கம்பிகளில் உள்ளிழை பெரிதும் மெல்லியது. எண்ணைப் பார்ப்பதைவிட இழையின் பருமனைப் பார்ப்பதே பயன்தரும். உறையில் 23 அல்லது 24 ஏ.டபிள்யூ.ஜி. என்றிருக்க வேண்டும். மோட்டார் சுற்றுக் கம்பியின் கேஜ் எண்ணைப்போலவே இதிலும் எண் குறைந்தால் பருமன் கூடும். 24 என்பது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். சுவரில் நிலையாகச் செல்வதற்கு ஒற்றை இழைக் கம்பியும், மேசையருகே அசைந்துகொண்டிருக்கும் சிறு துண்டுக்குப் பல்லிழைக் கம்பியும் ஏற்றவை.

கம்பிக்குள் எட்டு இழைகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். எனவே இருநூறு மெகாபிட்டுக்குக் கட்டணம் செலுத்தியும் வேகம் எப்பொழுதும் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஏறவில்லையாயின், எங்கோ ஓர் இழை அறுந்திருக்கலாம் அல்லது பிளக்கில் சரியாகப் பதியாமலிருக்கலாம். பெட்டியின் துளையே 100 மெகாபிட்டுக்கென அமைந்திருப்பதும் உண்டு; விலை குறைந்த பெட்டிகள் சில அத்தகையன. அவ்வாறாயின் எந்தக் கம்பி வாங்கியும் பயனில்லை. பெட்டியைத்தான் மாற்ற வேண்டும்.

கம்பியை மோட்டாருக்குச் செல்லும் மின்கம்பியுடன் ஒரே குழாயில் இடலாகாது. வேகம் கெடுவது ஒருபுறமிருக்க, உயிருக்கே ஆபத்து. இரண்டும் குறுக்கிட நேர்ந்தால் நேர்க்கோணமாகக் கடக்க விடலாம். வெயிலில் செல்லும் பகுதிக்குக் கறுப்பு நிறப் பாலிதீன் உறையிட்ட வெளிப்புறக் கம்பியே தக்கது. வீட்டினுள் இடும் சாம்பல் நிறக் கம்பி நாளடைவில் வெடித்து ஈரம் புகும். எலித் தொல்லை உள்ள இடங்களில் பி.வி.சி. குழாய்க்குள் செலுத்துவது நலம்.

நூலகத்துக்கு மறுமுறை செம்புக் கம்பி வாங்க நாங்கள் முனைந்தபோது அதே மின்பணியாளர் தடுத்தார். இரு கட்டடங்களுக்கிடையே திறந்த வெளியில் செம்பு சென்றால், அருகில் இடி விழும்போது மின்பாய்ச்சல் அதன் வழியே இரு முனைகளிலுமுள்ள சாதனங்களை அழித்துவிடும் என்றார். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. 100 மீட்டர் என்னும் எல்லையும் அதற்கில்லை. ஆகவே உலோகக் கம்பி சேராத கண்ணாடி இழையை இட்டு, இரு முனைகளிலும் ஒளியை மின்குறியாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் என்னும் சிறு கருவிகளைப் பொருத்தினோம். செலவு நான் அஞ்சிய அளவு இல்லை. தோட்டத்து வீட்டுக்கோ, தொலைவிலுள்ள பம்பு செட் அறைக்கோ இணையம் கொண்டு செல்ல விரும்புவோரும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். ஒரே கூரையின்கீழ் செம்பு. வெளியே கண்ணாடி இழை.

அதன்பின் ஊராட்சிகளின் கடிதங்களில் நான் எழுதச் செய்யும் வாசகம் இது: "கேட்-6 லேன் கேபிள், முழுவதும் தூய செம்பு, சி.சி.ஏ. ஏற்கப்படாது, ஒற்றை இழை, 23 ஏ.டபிள்யூ.ஜி., நான்கு இணை; மாதிரித் துண்டு ஒரு மீட்டர் இணைக்கப்பட வேண்டும்." மாதிரித் துண்டை அலுவலகத்திலேயே சுரண்டிப் பார்த்துக் கோப்பில் வைத்துக்கொள்கிறோம். சரக்கு வந்தவுடன், சுவரில் பதிப்பதற்கு முன்பே இரு முனைகளிலும் பிளக் பொருத்தி, ஜிகாபிட் துளையுள்ள பெட்டியுடனும் மடிக்கணினியுடனும் சேர்க்கிறோம். கணினியின் வலையமைப்புப் பகுதியில் இணைப்பின் வேகம் 1000 என்று காட்டினால் பட்டியல் ஏற்கப்படும். 100 என்று காட்டினால், பிளக்குகளை மாற்றி மீண்டும் ஒருமுறை சோதித்து, அதன்பிறகும் மாறாவிடில் சுருளைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.