கேமிங் கொம்பியூட்டர்: கார்டை மாற்றுவதா, ப்ரொசெசரை மாற்றுவதா? முழுமையான வழிகாட்டி

"மாமா, காசு சேர்ந்திட்டு. சனிக்கிழமை போய் கார்ட் எடுப்பமா?"

தெமட்டகொடையில் எங்கள் ஒழுங்கைக்குள் இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கடைசியாகக் கேட்டவன் என் அக்கா மகன். இரண்டு வருடம் சேர்த்த காசு அவனிடம் இருந்தது. மெஷினில் எந்தப் பாகம் பின்தங்கி நிற்கிறது என்பதை மட்டும் அவன் பார்த்திருக்கவில்லை. பம்பலப்பிட்டிக் கடைகளுக்குக் கிளம்புமுன் அதை வீட்டில் இருந்தபடியே கண்டுபிடிக்கலாம். ஒரு பிற்பகல் போதும். வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

எது என்ன வேலை செய்கிறது?

கொத்து ரொட்டிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரொட்டி போட்டுக் கொடுக்கிறார், மற்றவர் தகட்டில் கொத்துகிறார். ரொட்டி வரத் தாமதமானால் கொத்துபவர் சும்மா நிற்பார். கொத்துபவர் மெதுவானவர் என்றால் ரொட்டி குவிந்துகிடக்கும்.

ப்ரொசெசர் ரொட்டி போடுபவர். எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது, சேர்வரிலிருந்து என்ன வந்தது என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு காட்சிக்கும் உரிய கட்டளையைத் தயாரிக்கிறது. கிராபிக்ஸ் கார்ட் அதை வாங்கிப் படமாக வரைகிறது. ஒரு செக்கனில் எத்தனை படம் திரைக்கு வருகிறது என்பதுதான் எஃப்.பி.எஸ். இருவரில் மெதுவானவர் யாரோ, அவர்தான் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறார். மற்றவருக்கு எவ்வளவு செலவழித்தாலும் எண் அசையாது.

முதலில், செலவில்லாமல் செய்யவேண்டியவை

மெஷினின் பின்பக்கம் பாருங்கள். மொனிட்டர் கேபிள் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டிலா? மதர்போர்டில் செருகிவிட்டு, கார்ட் பழுது என்று நினைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அடுத்து விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸ். 144 ஹெர்ட்ஸ் மொனிட்டர் வாங்கியவர்கள் அங்கே 60 என்று இருப்பதை மாற்ற மறந்துவிடுகிறார்கள்.

பிறகு ரேம். 16 ஜி.பி. ஒரே குச்சியாக இருந்தால் ப்ரொசெசருக்குத் தரவு ஒரே வழியால்தான் வரும். 8 ஜி.பி. குச்சிகள் இரண்டாக, சரியான இரண்டு சொக்கெட்டுகளில் இருந்தால் இரண்டு வழியாலும் வரும். பயோஸில் எக்ஸ்.எம்.பி. என்ற வசதியையும் போட்டுவிடுங்கள். அது இல்லாமல் 3200 வேக ரேம் 2133 அல்லது 2400 இல் ஓடிக்கொண்டிருக்கும். சில கேம்களில் இந்த ஒரு மாற்றமே பழைய மெஷினுக்கு இன்னும் ஒரு வருடம் வாங்கிக்கொடுத்துவிடும்.

கடைசியாகத் தூசு. பேஸ்லைன் வீதியை ஒட்டிய வீடுகளில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. விசிறிகளைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு தூசை ஊதி எடுங்கள். மூன்று நான்கு வருடப் பழைய மெஷின் என்றால் ப்ரொசெசரின் மேலுள்ள தெர்மல் பேஸ்டையும் மாற்றுங்கள். சூடேறிய பாகம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அளப்பது எப்படி?

எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். உங்கள் கார்ட் எந்தக் கம்பனியுடையது என்றாலும் அது வேலை செய்யும். கேம் ஓடும்போதே எஃப்.பி.எஸ்., கார்ட் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, கார்டின் சொந்த நினைவகமான வீ-ரேம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, சூடு எவ்வளவு என்பவற்றைத் திரையின் மூலையில் காட்டும்.

தொடங்குமுன் வீ-சிங்க்கையும் எஃப்.பி.எஸ். வரம்பையும் நிறுத்திவிடுங்கள். 60 இல் பூட்டி வைத்துவிட்டுக் கார்ட் பாதி வேலைதான் செய்கிறது என்று கவலைப்படுவதில் அர்த்தம் இல்லை. பிறகு நீங்கள் அதிகம் விளையாடும் கேமில் 20 நிமிடம் விளையாடுங்கள்.

கார்ட் 95 சதவீதத்துக்கு மேல் நின்றால், பின்தங்குவது கார்ட்தான். 60, 70 என்று இறங்கிக்கொண்டிருந்தும் எஃப்.பி.எஸ். போதவில்லை என்றால், அது ப்ரொசெசருக்காகக் காத்திருக்கிறது. ப்ரொசெசரின் மொத்தச் சதவீதத்தைப் பார்த்து ஏமாறவேண்டாம். ஆறு கோர்களில் ஒன்று முழு மூச்சில் திணறும்போதும் மொத்தக் கணக்கு 40 என்றுதான் காட்டும்.

உறுதிப்படுத்த இன்னொரு சோதனை இருக்கிறது. ரெசொலூஷனை 1080 இலிருந்து 720 க்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ். நன்றாக ஏறினால் கார்டின் சுமை குறைந்தது என்று அர்த்தம். அசையாமல் நின்றால் தடை ப்ரொசெசரில்.

மருமகனின் மெஷினில் என்ன தெரிந்தது?

அவனுடையது 2018 இல் வந்த ரைசன் 5 2600, 2019 இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1660 சூப்பர், பி450 மதர்போர்ட், 144 ஹெர்ட்ஸ் மொனிட்டர். சைபர்பங்க் 2077 இல் கார்ட் 98 சதவீதம் காட்டியது. "பார்த்தீங்களா, கார்ட்தான்" என்றான். வலோரண்டைத் திறந்தோம். சண்டை சூடுபிடித்த இடத்தில் எஃப்.பி.எஸ். 110 வரை சரிந்தது. கார்ட் அப்போது 50 ஐச் சுற்றி நின்றது.

ஒரே மெஷின், இரண்டு பதில். எனவே கேட்கவேண்டிய கேள்வி, வாரத்தில் எந்தக் கேமுக்கு எத்தனை மணித்தியாலம் என்பது. அவன் பத்தில் எட்டு நேரம் வலோரண்டில் இருப்பவன். அவனுடைய பணம் முதலில் ப்ரொசெசருக்குத்தான் போகவேண்டும்.

கார்டை மாற்றும் நேரம் எது?

நீங்கள் விரும்பும் கேமில் கார்ட் தொடர்ந்து உச்சத்தில் நிற்கிறது, செட்டிங்ஸை நடுத்தரத்துக்கு இறக்கி, குறைந்த ரெசொலூஷனில் வரைந்து பெரிதாக்கும் எஃப்.எஸ்.ஆர். அல்லது டி.எல்.எஸ்.எஸ். போட்ட பிறகும் 60 வரவில்லை. இது முதல் அடையாளம். வீ-ரேம் நிரம்பி, திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் உறைவது இரண்டாவது. டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கியதும் அது நின்றுவிட்டால், இன்னும் கொஞ்சக் காலம் தள்ளலாம்.

மூன்றாவதை எந்தச் செட்டிங்கும் சரிசெய்யாது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: த டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் விளையாடவே முடியாதவை. ஜி.டி.எக்ஸ். 10, 16 வரிசைகளிலும் ஆர்.எக்ஸ். 580 இலும் அது கிடையாது. 900, 10 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் கொடுப்பதையும் என்விடியா 2025 ஒக்டோபருடன் நிறுத்திவிட்டது.

ப்ரொசெசரை மாற்றும் நேரம் எது?

கார்ட் சும்மா நிற்கிறது, எஃப்.பி.எஸ். திடீர் திடீரென்று சரிகிறது, டிஸ்கோர்டும் பிரவுசரும் திறந்திருந்தால் இன்னும் மோசமாகிறது என்றால் இதுதான் நேரம். இன்னொரு காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. இன்டெலின் 7 ஆம் தலைமுறையும் ரைசன் 1000 வரிசையும், ஓரிரண்டு விதிவிலக்குத் தவிர, விண்டோஸ் 11 இன் பட்டியலில் இல்லை.

உங்கள் மதர்போர்டில் இன்னும் நல்ல ப்ரொசெசர் ஏறுமா என்பதை முதலில் பாருங்கள். ரைசனுக்கான ஏ.எம்.4 போர்ட் வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பயோஸைப் புதுப்பித்துக்கொண்டால் பி450 போன்ற போர்டுகளில் ரைசன் 5 5600 உம், கேம்களுக்கென்றே கூடுதல் கேஷ் வைத்த 5800எக்ஸ்3டி உம் ஏறும். இன்டெலில் பாதை குறுகியது. 10 ஆம் தலைமுறைப் போர்டில் 11 வரைதான், 12 ஆம் தலைமுறைப் போர்டில் 14 வரைதான்.

போர்டையே மாற்றும் கட்டாயம் வந்தால் ரேமும் பெரும்பாலும் கூடவே மாறும். செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போனதில் 2025 இன் கடைசி மாதங்களில் உலகச் சந்தையில் ரேம் விலை வேகமாக ஏறியது. ஆகவே இருக்கும் போர்டில் ஏற்றக்கூடியதை ஏற்றிவிட்டு நிற்பதே இப்போதைக்கு நல்லது என்பது என் கருத்து.

எவ்வளவு செலவாகும்?

கடை விலை வாரத்துக்கு வாரம் மாறும். கணக்குப் போடும் முறையைக் கற்றுக்கொண்டால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. ஆர்.டி.எக்ஸ். 5060 இன் அறிமுக விலை 299 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 89,700 ரூபா. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம், அதாவது 16,146 ரூபா. இரண்டும் சேர்ந்து 105,846 ரூபா. கப்பல் செலவும் கடைக்காரரின் இலாபமும் இதற்கு மேல். இந்தத் தொகையோடு ஒப்பிட்டால் கடையில் சொல்லும் விலை நியாயமா என்பது விளங்கும்.

டொலரும் நமக்கு ஒரு பாகம்தான். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர், மே மாதத்தில் 360 வரை போனது. அதே 299 டொலர் கார்ட் 59,800 இலிருந்து 107,640 ஆகிவிடும், வரிக்கு முன்பே. அந்த வருடம் கையில் காசிருந்தும் வாங்க முடியாமல் நின்றவர்களை நான் மறக்கவில்லை. மெஷினை அளந்து பார்த்தாயிற்று, காசும் இருக்கிறது என்றால், அடுத்த தலைமுறை வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

பட்ஜெட்டில் பவர் சப்ளையையும் சேருங்கள். கேஸோடு இலவசமாக வந்ததை நம்பி ஒரு இலட்சம் ரூபாக் கார்டைப் பொருத்தவேண்டாம். ஆர்.டி.எக்ஸ். 4060 அளவு கார்டுக்கு 550 வாட்ஸில் நல்லதொன்று போதும். அலுவலகங்களில் கழித்த பிராண்ட் மெஷினில் தொடங்கியவர்கள் கூடுதல் கவனம்: அவற்றில் பலவற்றின் பவர் சப்ளை தனி வடிவம், கேஸும் ஒடுக்கம். தனிப் பவர் வயர் கேட்காத, உயரம் குறைந்த கார்ட்தான் அங்கே பொருந்தும்.

எங்கே வாங்குவது?

காலி வீதியில் மெஜஸ்டிக் சிட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் யூனிட்டி பிளாசா, கொழும்பில் கொம்பியூட்டர் சாமானுக்குப் பழகிய இடம். தெமட்டகொடையிலிருந்து ரயிலில் மருதானை போய், அங்கே கரையோரப் பாதை ரயிலுக்கு மாறிப் பம்பலப்பிட்டியில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். குறைந்தது மூன்று கடையில் விலை கேளுங்கள். வாரண்டி எத்தனை மாதம், பழுதானால் மாற்றித் தருவார்களா, திருத்தித் தருவார்களா என்பதையும் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

கவனம்: பழைய கார்ட்

இக்மன் தளத்தில் விளம்பரம் பார்த்துப் பழைய கார்ட் வாங்குவதில் தவறில்லை. என் முதல் கார்டும் பழையதுதான். ஆனால் 2022 செப்டெம்பர் 15 வரை எதீரியம் நாணயத்தைக் கார்டுகளால் தோண்டினார்கள். அன்று அந்த முறை முடிந்ததும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன. விற்பவரின் வீட்டிலேயே 20 நிமிடம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள், சூட்டைப் பாருங்கள், திருகாணிகள் கழற்றப்பட்ட அடையாளம் உண்டா என்று பாருங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கார்டின் விவரங்களைக் காட்டும் ஜி.பி.யூ-இசட் மென்பொருளையும் கொண்டுபோங்கள். ஆர்.எக்ஸ். 580 என்று விற்கப்படுவதில் 2304 ஷேடர் இருக்கவேண்டும். 2048 என்று காட்டினால் அது வலுக்குறைந்த வேறு வகை. புதிய கார்டுகளில், இன்டெலின் ஆர்க் பி580 விலைக்கு 12 ஜி.பி. வீ-ரேம் தருவது உண்மை. ஆனால் பழைய ப்ரொசெசரோடு சேர்த்தால் சில கேம்களில் அதன் வேகம் நன்றாகக் குறைகிறது. நம்மைப்போல் பாதி பழைய மெஷின் வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது.

பொருத்தும் ஒழுங்கு

ப்ரொசெசர் மாற்றுவதென்றால் பழையது உள்ளே இருக்கும்போதே பயோஸைப் புதுப்பிக்கவேண்டும். போர்ட் கம்பனியின் தளத்தில் உங்கள் மொடலுக்குரிய கோப்பை மட்டும் எடுங்கள். மெஷினை யூ.பி.எஸ்.ஸில் போடாமல் இதைத் தொடங்கவே கூடாது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கரண்ட் நின்றது நினைவிருக்கும். பயோஸ் பாதி எழுதியிருக்கும்போது அப்படி நின்றால் போர்ட் செத்துவிடலாம்.

அடுத்து, கேம் ஒன்றைப் பத்து நிமிடம் ஓட்டி ப்ரொசெசரைச் சூடாக்குங்கள். பிறகு நிறுத்தி, வயரைக் கழற்றி, கூலரை மெதுவாக இடமும் வலமும் திருப்பி எடுங்கள். குளிர்ந்த பேஸ்டோடு நேரே இழுத்தால் ஏ.எம்.4 இல் ப்ரொசெசரும் சேர்ந்து பிடுங்கி வரலாம், ஊசிகள் வளையலாம். புதியதை முக்கோணக் குறி பார்த்து வையுங்கள். தானாக இறங்கவேண்டும், அழுத்தக்கூடாது. பட்டாணி அளவு பேஸ்ட் போட்டு, கூலரைப் பூட்டி, விசிறி வயரைக் கொடுங்கள். பயோஸில் எக்ஸ்.எம்.பி., டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி இரண்டையும் திரும்பப் போடுங்கள். விண்டோஸ் 11 இல் வலோரண்ட் டி.பி.எம். இல்லாமல் திறக்காது.

கார்ட் மாற்றுவது இதைவிடச் சுலபம். பழைய டிரைவரை நீக்கி, கார்டின் பின்னாலுள்ள சிறு கொக்கியை அழுத்தி எடுத்து, புதியதைச் செருகி, திருகாணியும் பவர் வயரும் கொடுத்தால் முடிந்தது.

பிறகு அதே கேம், அதே இடம், அதே செட்டிங்ஸ். திரும்ப அளந்து, முந்தைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ப்ரொசெசரை மாற்றிய பிறகு மருமகனின் கொப்பியில் 110 க்குப் பக்கத்தில் 165 என்று இருக்கிறது. கழற்றிய 2600 ஐக் கொட்டாஞ்சேனையில் இருக்கும் அவனுடைய கூட்டாளி வாங்கிக்கொண்டான். அந்தக் காசும், சேர்த்ததில் மிஞ்சியதும் இப்போது கார்டுக்கென்று தனியாக இருக்கிறது.